43,900 ரூபாக் கைபேசி வாங்கத் தக்கதா?

கேள்வி: எனது மகன் இவ்வாண்டு க.பொ.த. உயர்தரத்தில் கணிதப் பிரிவில் சேர்ந்துள்ளான். ரியூசன் குறிப்புகளும் கடந்தகால வினாத்தாள்களும் வட்ஸ்அப்பிலேயே வருவதால் அவனுக்கென ஒரு கைபேசி வாங்க வேண்டியுள்ளது. தையல் வேலையில் சேர்த்த 45,000 ரூபா கையில் உண்டு. யாழ் நகரிலுள்ள கடையொன்றில் 43,900 ரூபாவுக்கு ஒரு கைபேசியைக் காட்டினார்கள். 16 ஜிபி ரம், 256 ஜிபி சேமிப்பு, 108 மெகாபிக்சல் கமரா, 120 ஹேர்ட்ஸ் திரை என்று பிரசுரத்தில் உள்ளது. மகனுக்கும் அதிலேயே ஆசை. அதே கடையில் சாம்சங் கலக்ஸி ஏ16, 6 ஜிபி ரம், 128 ஜிபி, 57,500 ரூபா. ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணா தான் பாவித்த கைபேசியை அனுப்பலாம் என்கிறார். மகனோ பழையது வேண்டாம் என்கிறான். குறைந்த விலைக்குக் கூடிய வசதி தருவது முதலாவதுதானே? பிரசுரத்தை இத்துடன் இணைத்துள்ளேன்.
வாசகி, கோண்டாவில்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய பிரசுரத்தின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ளவற்றையும் வாசித்த பின்னரே இதை எழுதுகிறேன். முதலாவது கைபேசியை வாங்க வேண்டாம் என்பதே எனது ஆலோசனை. அது போலியானது என்றோ கடைக்காரர் பொய் சொன்னார் என்றோ நான் கூறவில்லை. முன்பக்கத்தில் பெரிதாக அச்சிட்டிருக்கும் நான்கு எண்களுக்கும், அந்தக் கைபேசி உங்கள் மகனுக்கு எத்தனை ஆண்டு உதவும் என்பதற்கும் தொடர்பு மிகக் குறைவு. கைபேசி திருத்தும் தொழிலில் இருக்கும் நான், மலிவான ஒரு கைபேசியைக் கையில் எடுத்தால் முதலில் பார்ப்பது, இதில் எந்தப் பாகம் முதலில் இயலாமற் போகும், அப்போது அதைப் பணம் கொடுத்து மாற்ற முடியுமா முடியாதா என்பதைத்தான். பற்றறியை மாற்றலாம், திரையை மாற்றலாம், சார்ஜ் செய்யும் துவாரத்தையும் மாற்றலாம். ஆனால் சேமிப்பகத்தையும் கைபேசியின் மூளையான சில்லையும் மென்பொருள் ஆதரவையும் சாதாரணமாக எந்தக் கடையிலும் மாற்றித் தரமாட்டார்கள். ஆகையால் பின்னால் மாற்ற முடியாதவற்றுக்கே இப்போது பணம் கொடுக்க வேண்டும்.

ரம் விடயத்திலிருந்து தொடங்குவோம். திறந்திருக்கும் செயலிகள் இயங்குவதற்கான தற்காலிக நினைவகமே ரம். பிரசுரத்தின் பின்பக்கத்தில் "8 ஜிபி + 8 ஜிபி விரிவாக்கம்" என்று இருக்கிறது. உண்மையான ரம் 8 ஜிபி மட்டுமே. மற்ற 8 ஜிபி, சேமிப்பகத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி ரம்மைப் போலப் பாவிக்கும் ஏற்பாடு. இக்கைபேசியில் உள்ள சேமிப்பகம் ஈஎம்எம்சி 5.1 என்ற தரத்தைச் சேர்ந்தது. அதன் இணைப்பின் உச்ச வேகமே செக்கனுக்கு 400 மெகாபைற்று. அதுவும் ஒரே நேரத்தில் வாசிக்கவோ எழுதவோ இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும். இதே கைபேசியின் ரம், செக்கனுக்கு 10,000 மெகாபைற்றுக்கு மேல் கையாளக் கூடியது. இருபத்தைந்து மடங்கு மெதுவான ஒன்றை ரம் என்று எண்ணிக் கூட்டுவது விற்பனைக்கு உதவுமேயொழியப் பாவனைக்கு உதவாது. 8 ஜிபி என்பது இந்த வேலைக்குத் தாராளமானது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த ஒரு விடயத்தில் முதலாவது கைபேசி ஏ16ஐ முந்துகிறது.

ஆனால் மலிவான கைபேசிகளில் பெரும்பாலும் முதலில் தளர்வது சேமிப்பகம்தான். கைபேசிகளில் உள்ள பிளாஷ் நினைவகத்தில், எழுதிய இடத்தின் மேலேயே மீண்டும் எழுத முடியாது. ஒரு முழுத் தொகுதியை அழித்து வெறுமையாக்கிய பின்னரே புதிதாக எழுதலாம். வெற்றிடம் நிறைய இருக்கும் வரை இந்த வேலை பின்னணியில் ஓசையின்றி நடக்கும். இடம் நிரம்ப நிரம்ப, ஒவ்வொரு முறையும் பழையதை ஒதுக்கி, அழித்து, பின் எழுத வேண்டி வருவதால், ஒரு படத்தைத் திறக்கவே கைபேசி திகைத்து நிற்கும். உயர்தர மாணவன் ஒருவனின் கைபேசியில் இது எப்படி வருகிறது என்பதை நான் மேசையில் அடிக்கடி காண்கிறேன். பாடத்துக்கு ஒன்றாக மூன்று வட்ஸ்அப் குழுக்கள், அவற்றுக்கு மேல் பாடசாலைக் குழு, ஒரே வினாத்தாள் நான்கு குழுக்களிலும் நான்கு முறை தரவிறங்கியிருக்கும். கரும்பலகையை எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். பதிவு செய்த வகுப்புக் காணொளிகள் அவற்றின் மேல். எனவே 256 ஜிபி என்பதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நிரம்புவதற்குக் கூடுதல் காலம் எடுக்கும் என்பது உண்மையான நன்மை. இருப்பினும் யுஎப்எஸ் 2.2 என்ற வேகமான தரத்திலான 128 ஜிபி சேமிப்பகம், வாசிப்பதையும் எழுதுவதையும் ஒருங்கே செய்யக் கூடியது என்பதால், ஒழுங்காக அழித்துப் பராமரித்தால், மெதுவான 256 ஜிபியை விட நீண்ட காலம் உற்சாகமாக இயங்கும். எந்த வகைச் சேமிப்பகம் என்பது பெட்டியில் பெரும்பாலும் இராது. தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் அந்தச் சரியான மாதிரியின் விபரத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மகனுக்கு இது ஐந்து நிமிட வேலை.

சில்லைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாவதில் இருப்பது மீடியாரெக் நிறுவனத்தின் ஹீலியோ ஜி85. அது 2020இல் வந்தது; 12 நனோமீற்றர் முறையில் தயாரிக்கப்பட்டது; கணிப்பு வேலையைச் செய்யும் அதன் இரு வலிய உள்ளகங்களான கோர்டெக்ஸ் ஏ75, சில்லுகளை வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனம் 2017இலேயே அறிவித்த வடிவமைப்பு. ஏ16இன் 4ஜி மாதிரியில் இருப்பது 2022இல் வந்த ஹீலியோ ஜி99, 6 நனோமீற்றர் (இந்த எண் சிறிதானால் தயாரிப்பு நுண்ணியது), உள்ளகங்கள் அதைவிடப் புதிய ஏ76. அதே வேலையைக் குறைந்த மின்னில், குறைந்த சூட்டில் செய்யும் என்பதே இவ்வேறுபாட்டின் பொருள். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழிருந்து இணையவழி வகுப்பைப் பார்க்கும் ஒருவருக்கு இது சிறிய விடயமல்ல. சூடேறிய சில்லு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும்.

இனித் திரை. உங்கள் தேவைக்கு இதுவே முக்கியமானது என்பது எனது அபிப்பிராயம்; கடையில் எவரும் இதைப் பற்றிக் கதைத்திருக்க மாட்டார்கள். முதலாவது கைபேசியின் திரை 6.8 அங்குலம், ஆனால் அதன் அகலத்தில் 720 புள்ளிகளே உள்ளன. ஏ16 இன் திரை 6.7 அங்குலம், அகலத்தில் 1080 புள்ளிகள். மகன் அதில் வாசிக்கப் போவது ஸ்கான் செய்த ஏ4 தாள்களை. அந்தத் தாளின் அகலம் 210 மில்லிமீற்றர். முழு அகலமும் தெரியும்படி வைத்தால், முதலாவது திரையில் தாளின் ஒரு மில்லிமீற்றருக்கு மூன்றரைப் புள்ளிகூடக் கிடைக்காது. இணைந்த கணித வினாத்தாளில் ஓர் அடுக்குக்குறியின் உயரம் ஒன்றரை மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், அந்த எண்ணை வரைவதற்குத் திரையிடம் இருப்பது ஐந்து புள்ளிகள். ஐந்து புள்ளிகளில் 3ஐயும் 8ஐயும் பிரித்துக் காட்டுவது கடினம். ஸ்கான் சற்று மங்கலாயிருந்தால் தமிழ் எழுத்தின் மேலுள்ள குற்றும் மறைந்துவிடும். இரண்டாவது திரையில் அதே குறிக்கு ஏறத்தாழ எட்டுப் புள்ளிகள் கிடைக்கும். விரலால் பெரிதாக்கிப் பார்க்கலாம், கைபேசியைக் குறுக்காகத் திருப்பலாம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு கணக்கின் தொடக்கத்தையும் முடிவையும் ஒன்றாகப் பார்க்க இயலாமல் இரண்டு ஆண்டுகள் படிப்பது எளிதல்ல. இதை நீங்கள் வாங்கும் இடத்திலேயே சோதிக்க முடியும்: மகனின் வட்ஸ்அப்பில் வந்த வினாத்தாள் ஒன்றைக் கடையிலுள்ள காட்சிக் கைபேசிகளுக்கு அனுப்பி, இரண்டையும் அருகருகே திறந்து, பின்னர் கடை வாசலுக்கு எடுத்து வந்து வெயிலிலும் ஒருமுறை பாருங்கள். அனுமதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.

120 ஹேர்ட்ஸ் என்பது திரை ஒரு செக்கனுக்கு எத்தனை தடவை புதுப்பிக்கப்படுகிறது என்பது மட்டுமே. வலுக்குறைந்த சில்லால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்துப் படங்களை ஆக்கித் தர முடியாத வேளையில் அதனால் பயனில்லை. வினாத்தாள் வாசிப்பவனுக்கு எப்படியும் பயனில்லை. 108 மெகாபிக்சலும் அவ்வாறே: கமராவில் ஒளியைப் பதிக்கும் சிறிய உணரியின் ஒன்பது புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகவே கைபேசி சேமிக்கிறது. கரும்பலகையைப் படமெடுக்க இரண்டு கைபேசிகளும் போதும்.

மென்பொருள் ஆதரவில்தான் இரண்டுக்கும் இடையிலான தூரம் மிகப் பெரிது. கலக்ஸி ஏ16, 2024இன் இறுதிப் பகுதியில் வெளிவந்தபோது, ஆறு அன்ரொயிட் பதிப்புகளும் ஆறு ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு இற்றைப்படுத்தலும் (அப்டேட்) தருவதாகச் சாம்சங் அறிவித்தது. இந்த விலைப் பிரிவில் அது அரிதான வாக்குறுதி. அந்த ஆறு ஆண்டு கைபேசி வெளியான நாளிலிருந்து கணக்கிடப்படும், நீங்கள் வாங்கும் நாளிலிருந்து அல்ல. ஆகவே 2030 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது கைபேசியின் பிரசுரத்திலோ தயாரிப்பாளரின் பக்கத்திலோ அப்படி ஒரு வாக்கே இல்லை. கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் கைபேசியின் அமைப்புகளைத் திறந்து, பாதுகாப்பு இற்றைப்படுத்தல் எந்தத் திகதிக்குரியது என்று பாருங்கள். ஓராண்டுக்கு முந்திய திகதி அங்கே இருந்தால், தயாரிப்பாளர் அந்த மாதிரியைக் கைவிட்டுவிட்டார் என்று கொள்ளலாம். வங்கிச் செயலிகள் காலப்போக்கில் பழைய அன்ரொயிட் பதிப்புகளில் இயங்க மறுக்கும் என்பதையும், அந்தக் கைபேசியில் உங்கள் வங்கிக் கணக்கையும் மகன் பார்த்துத் தரப்போகிறான் என்றால், நினைவில் வையுங்கள்.

பற்றறி இரண்டிலும் 5,000 மில்லிஅம்பியர் மணி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, அங்கு விற்கும் கைபேசியின் பற்றறி 800 முறை சார்ஜ் செய்த பின்னரும் தன் கொள்ளளவில் 80 வீதத்தைத் தக்கவைத்திருக்க வேண்டும். நாளுக்கு ஒருமுறை முழுதாகச் சார்ஜ் செய்தால் 800 முறை என்பது இரண்டு ஆண்டும் சில வாரங்களும். எங்கள் ஊர் வெக்கையில் லிதியம் பற்றறி அதைவிட விரைவாகவே தேயும். ஆகவே எதை வாங்கினாலும் இடையில் ஒரு பற்றறி மாற்றத்துக்குப் பணம் ஒதுக்க வேண்டும். அந்த மாதிரிக்குப் பற்றறி இங்கேயே கிடைக்குமா, கொழும்பிலிருந்து வர வேண்டுமா என்பதைத் திருத்துபவர் ஒருவரிடம் வாங்குவதற்கு முன்னரே கேட்டுவிடுங்கள். பெயர் அதிகம் கேள்விப்படாத மாதிரிகளுக்குத் திரையும் பற்றறியும் தேடுவது பெரிய அலைச்சல். மறுபக்கத்தையும் சொல்கிறேன்: ஏ16இன் அமோலெட் திரை உடைந்தால், சாதாரண எல்சிடி திரையை விட அதை மாற்றும் செலவு அதிகம். எனவே தடித்த உறையும் கண்ணாடி ஒட்டும் முதல் நாளிலேயே போட வேண்டும். ஏ16 பெட்டியில் சார்ஜர் வருவதில்லை என்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். முதலாவது கைபேசி உயர்தரப் பரீட்சை வரை, அதாவது இரண்டு ஆண்டுகள், சிரமமின்றி இயங்கும் என்று நான் மதிப்பிடுகிறேன். 43,900ஐ 24 மாதங்களால் வகுத்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 1,830 ரூபா. இரண்டாவது, பரீட்சையையும் பல்கலைக்கழக அனுமதிக்கான காத்திருப்பையும் தாண்டி நான்கு ஆண்டுகள் நிற்கக் கூடியது. 57,500 ரூபாவோடு பற்றறிக்கும் சார்ஜருக்குமாக 10,000 ரூபாவைக் கூட்டி 67,500 என்று வைத்து 48 மாதங்களால் வகுத்தாலும் மாதத்துக்கு 1,406 ரூபாதான். இந்த ஆண்டுக் கணக்கு எனது தொழில் மதிப்பீடு. நீங்கள் நான்கை மூன்றரையாகக் குறைத்துப் பார்த்தாலும் மாதத்துக்கு 1,607 ரூபாவே வரும், அப்போதும் இரண்டாவதே மலிவு.

ஆனாலும் கையில் 45,000 ரூபாவை வைத்திருப்பவரிடம் 57,500 ரூபாக் கைபேசியை வாங்கச் சொல்வது பொறுப்பான ஆலோசனையாகாது. ஆகையால் அண்ணாவின் கைபேசியை முதலில் ஆராயும்படி கேட்கிறேன். பழையது வேண்டாம் என்று மகன் சொல்வது வயதுக்குரியது. ஆயினும் உயர் பிரிவில் வெளிவந்து இரண்டு ஆண்டு பாவித்த கைபேசி ஒன்று, புதிய மலிவுக் கைபேசியை விடச் சேமிப்பகத்திலும் திரையிலும் சில்லிலும் பெரும்பாலும் மேலானதாகவே இருக்கும். அண்ணாவிடம் கேட்க வேண்டியவை இவை. அதன் சரியான மாதிரி எது, தயாரிப்பாளரின் இற்றைப்படுத்தல் எந்த ஆண்டு வரை உண்டு என்பது முதலாவது. இன்னும் மூன்று ஆண்டுகளாவது எஞ்சியிருக்க வேண்டும். அவர் அதைக் கனடாவில் வாங்கியவரானால், ஒரு நிறுவனத்தின் சிம் மட்டுமே வேலை செய்யும்படி இடும் வலையமைப்புப் பூட்டைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை, 2017 டிசம்பர் 1 முதல் அங்கு புதிய கைபேசிகளைப் பூட்டின்றியே விற்க வேண்டும் என்பது விதி. அமெரிக்காவில் வாங்கியதென்றால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். அங்கு விற்கப்படும் ஐபோன் 14 முதலான மாதிரிகளில் சிம் அட்டை போடும் இடமே இல்லை. எல்லாவற்றிலும் முக்கியமானது, அனுப்புவதற்கு முன் அவர் தனது கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, அதன் பின்னரே கைபேசியை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதைச் செய்யாமல் அழித்துவிட்டு அனுப்பினால், இங்கே திறக்கும்போது அவருடைய கடவுச்சொல்லைக் கேட்டுக் கைபேசி பூட்டிக்கொள்ளும்; அப்படிப் பூட்டிய நல்ல கைபேசிகள் பல என் மேசைக்கு வந்திருக்கின்றன, ரொறன்ரோவில் விடியும் வரை நாங்கள் காத்திருக்க நேர்ந்திருக்கிறது.

எதை வாங்கினாலும், பெற்றாலும், ஒவ்வொரு கைபேசிக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ என்ற அடையாள இலக்கத்தைச் சரிபார்ப்பதைத் தவறவிடாதீர்கள். கைபேசியில் நட்சத்திரக் குறி, ஹாஷ் குறி, 06, மீண்டும் ஹாஷ் குறி என்று அழுத்தினால் 15 இலக்கங்கள் தோன்றும். ஆங்கிலத்தில் ஐ, எம், இ, ஐ என்ற நான்கு எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கங்களையும் எழுதி 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அக்கருவி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் உள்ளதா என்ற பதில் வரும். 2025 ஜனவரி இறுதியிலிருந்து, பதிவில்லாத புதிய கருவிகளுக்கு வலையமைப்புச் சேவை வழங்கப்படாது என ஆணைக்குழு அறிவித்திருந்தது. கடையில் அசாதாரணமாக விலை குறைந்திருக்கும் கைபேசிகளில் சில, வரியும் பதிவும் இல்லாமல் வந்தவை. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதமாக இருக்கையில் அந்த விலை வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். அண்ணாவின் கைபேசியைப் பதிவு செய்யும் நடைமுறையை அவர் அனுப்புவதற்கு முன்னரே ஆணைக்குழுவின் 1900 இலக்கத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

கடையில் வாங்குவதானால், உத்தரவாதம் தயாரிப்பாளரின் இலங்கை முகவருடையதா அல்லது கடையுடையதா என்று கேட்டு, அதை ஐஎம்இஐ இலக்கத்துடன் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். கடை உத்தரவாதம் என்பது அந்தக் கடை இருக்கும் வரையும் கடைக்காரரின் மனம் இருக்கும் வரையும்தான். எழுதிக் கொடுத்ததை மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம். எழுத்தில் இல்லாததற்கு முறையிடுவது கடினம்.

ஆகவே இன்றிரவு அண்ணாவுடன் கதையுங்கள். அவருடைய கைபேசி மேலே சொன்னவற்றில் தேறினால் அதைப் பெற்று, கையிலுள்ள பணத்தில் ஒரு பகுதியைப் புதிய பற்றறிக்கும் பதிவுக்கும் வைத்து, மிகுதியைச் சேமியுங்கள். தேறாவிட்டால், பழைய கைபேசிக்குப் பதிலாக வித்தியாசத் தொகையான 12,500 ரூபாவைத் தர முடியுமா என்று அவரிடமே கேட்கலாம். சகோதரனிடம் கேட்பதில் வெட்கமில்லை. அதுவும் இயலாதெனில் இரண்டொரு மாதம் பொறுத்து ஏ16ஐ வாங்குங்கள், அதுவரை மகன் உங்கள் கைபேசியிலேயே வினாத்தாள்களைப் பார்க்கட்டும். தவணை முறையில் தருவதாகக் கடையில் சொன்னால், தவணைகளின் கூட்டுத்தொகையைக் காசுக்கு வாங்கும் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே கையெழுத்திடுங்கள். அண்ணா மாதிரிப் பெயரைச் சொன்னதும் எனக்கு எழுதுங்கள். அதற்குரிய பற்றறியும் திரையும் யாழ்ப்பாணத்தில் கிடைக்குமா என்பதை விசாரித்துச் சொல்கிறேன்.